3,500 கிலோ இழுக்கும் என்றார்களே: ஆஸ்திரேலியாவில் கேரவனோடு கிளம்புமுன் போட வேண்டிய எடைக் கணக்கு

ஆஸ்திரேலியாவில் பெரிய யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப் வண்டி), நான்கு சக்கர இழுவை வண்டி எதை விலை கேட்டாலும் விற்பவர் முதலில் சொல்லும் எண் 3,500. அந்த வண்டி பிரேக் உள்ள 3,500 கிலோ டிரெய்லரை, அதாவது பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடான கேரவன் போன்றதை, இழுக்கும் என்று பொருள். பொய் இல்லை. ஆனால் குடும்பம், ஃபிரிட்ஜ், புல்பார் (வண்டியின் முகப்பைக் காக்கும் கம்பிச் சட்டம்), டேங்க் நிறைய டீசல் எல்லாம் சேர்ந்த வண்டி அதே 3,500-ஐ சட்டப்படி இழுக்க முடியுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. எடை வரம்பு என்பது ஒரே எண் இல்லை. ஏழெட்டு எண்கள் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றில் மிச்சம் இருப்பதால் இன்னொன்றில் மீறலாம் என்ற சலுகை எதற்கும் இல்லை. உங்கள் வண்டியில் எந்த எண் முதலில் நிரம்புகிறதோ அதுதான் உங்கள் உண்மையான எல்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் சொற்கள்

இழுக்கும் வண்டிக்கு மூன்று எண்கள் முக்கியம். ஜி.வி.எம். என்பது வண்டி, அதில் உள்ள ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்ந்து போகக்கூடிய அதிகபட்ச எடை. டோ பாரின் (கேரவனை மாட்ட வண்டியின் பின்னால் உள்ள சட்டம்) மேல் கேரவன் அழுத்தும் எடையும் இதில்தான் சேரும். பலர் மறப்பது இதை. ஜி.சி.எம். என்பது வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்தத்தின் உச்சம். மூன்றாவது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக உள்ள வரம்பு.

கேரவனுக்கு இரண்டு. ஏ.டி.எம். என்றதும் பணம் எடுக்கும் இயந்திரம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இங்கே அது கேரவனைக் கழற்றித் தனியே நிறுத்தினால் சக்கரத்திலும், மூக்கைத் தாங்கும் சிறிய முன் கால் சக்கரத்திலும் சேர்ந்து இறங்கும் மொத்த எடையின் உச்சம். ஜி.டி.எம். என்பது வண்டியோடு மாட்டிய நிலையில் கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடையின் உச்சம். நிஜ எடைகளை எடுத்துக்கொண்டால் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ பார் குண்டின் மேல் இறங்கும் எடை. கேரவன்காரர்கள் இதை பால் வெயிட் என்பார்கள். டோ பாரின் தகட்டில் இதற்கும் ஒரு உச்சம் அடித்திருக்கும். 3,500 கிலோ இழுக்கும் பெரிய வண்டிகளில் பெரும்பாலும் 350.

இன்னும் இரண்டு சொற்களில் ஏமாற இடம் உண்டு. டேர் என்பது வண்டி விஷயத்தில் காலி வண்டியும் 10 லிட்டர் எரிபொருளும். கெர்ப் எடை என்றால் டேங்க் நிறைய. 110 லிட்டர் டேங்க் உள்ள வண்டிக்கு இந்த இரண்டுக்கும் நடுவே 80 கிலோவுக்கு மேல் இடைவெளி. டீசல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.84 கிலோ. விளம்பரத்தில் எந்த எண்ணிலிருந்து கழித்து எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

கேரவனின் எண்களை அதன் தகட்டிலும், இழுக்கும் வண்டியின் எண்களை கையேட்டிலும் கதவோரத் தகட்டிலும் படித்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். டோ பார், டோ பால் (அதன் மேல் உள்ள குண்டு), கப்ளிங் (குண்டைக் கவ்வும் கேரவனின் முனை) மூன்றிலும் தனித்தனி வரம்பு அடித்திருக்கும். 50 மி.மீ. குண்டிலேயே குறைந்த வரம்புள்ளவையும் 3,500 கிலோ தாங்குபவையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த மூன்றில் எது சிறியதோ அதுவே இணைப்பின் வரம்பு.

யூட் ஒன்றின் கணக்கு

இரண்டு வரிசை இருக்கையுள்ள டூயல் கேப் யூட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கெர்ப் எடை 2,200, ஜி.வி.எம். 3,200, ஜி.சி.எம். 6,000, பின் அச்சு வரம்பு 1,850 கிலோ. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் எண்கள்தான்.

அதில் ஏற்றுவோம். ஸ்டீல் புல்பார் 60, பின் தட்டை மூடும் கேனபி 80, கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் 220, ஃபிரிட்ஜும் டிராயரும் கருவிகளும் 130. வண்டி இப்போது 2,690. பின்னால் முழுதாக ஏற்றிய 3,500 கிலோ கேரவன், குண்டின் மேல் 350.

ஜி.வி.எம்.: 2,690 + 350 = 3,040. இன்னும் 160 கிலோ மிச்சம், நிம்மதி.

ஜி.சி.எம்.: 2,690 + 3,500 = 6,190. வரம்பைவிட 190 கிலோ அதிகம். இங்கே குண்டு எடையை மறுபடி கூட்டக் கூடாது. அது 3,500-க்குள்ளேயே இருக்கிறது. இரண்டு முறை எண்ணுவதும், ஒரு முறைகூட எண்ணாமல் விடுவதும் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழைகள். வண்டியை இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் இழுக்கக்கூடிய கேரவன் 3,310 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. விற்பனைத் தாளில் இருந்த 3,500 அந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது.

அடுத்து பின் அச்சு. இதைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். டோ பால் பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கே அழுத்தினால் வண்டி சீசா மாதிரி செயல்படும்: பின்னால் அமுங்கும், முன்னால் தூக்கும். கணக்கு இப்படி: குண்டு எடையை, அச்சிலிருந்து குண்டுக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுங்கள். வண்டியின் அச்சு இடைவெளி 3.2 மீட்டர், குண்டு 1.25 மீட்டர் பின்னால் என்றால் 350 × 1.25 ÷ 3.2 = 137 கிலோ. இந்த 137 முன் அச்சிலிருந்து கழன்று பின் அச்சில் ஏறுகிறது. ஆக 350 கிலோ குண்டு எடையால் பின் அச்சுக்கு வருவது 350 இல்லை, 487.

நம் யூட்டின் 2,690-இல் முன் அச்சில் 1,290, பின் அச்சில் 1,400 இருந்தால் கேரவனை மாட்டியதும் பின்னால் 1,887. வரம்பு 1,850. ஜி.வி.எம்.-இல் 160 கிலோ மிச்சம் இருக்கும்போதே பின் அச்சு 37 கிலோ மீறிவிட்டது. முன்னால் 137 கிலோ குறைந்ததால் ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடிமானம் இழக்கின்றன, இரவில் முகப்பு விளக்கு மரக்கிளையைத் தேடிப் போகிறது.

வண்டி பின்னால் அமுங்குகிறது என்று ஏர்பேக் (விபத்தில் விரிவது அல்ல, ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போட்டுத் தூக்குவது பலரின் முதல் வைத்தியம். அது உயரத்தை மட்டும் சரிசெய்கிறது. எடை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதோடு, லீஃப் ஸ்பிரிங் சேஸிஸில் முன்பு இரண்டு முனைகளில் பகிர்ந்து இறங்கிய சுமையை ஏர்பேக் நடுவில் ஒரே புள்ளியில் குத்துகிறது. பின்னால் நீண்ட டிரே, கனமான கேனபி, 350 கிலோ குண்டு எடை, குண்டும் குழியுமான சரளைச் சாலை எல்லாம் சேர்ந்தால் சேஸிஸ் அந்தப் புள்ளியில் வளைகிறது. அந்தப் பழுதுக்கு ஏர்பேக்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

லேண்ட்குரூசரில் வேறு கதை

எல்லா வண்டியும் ஜி.சி.எம்.-இல் சிக்குவதில்லை. டொயோட்டா லேண்ட்குரூசர் 300-இன் ஜி.வி.எம். 3,280, ஜி.சி.எம். 6,750. ஜி.வி.எம். வரை முழுதும் ஏற்றி, அதில் 350 குண்டு எடை என்றால் வண்டியின் சொந்த எடை 2,930. அதோடு 3,500 சேர்த்தால் 6,430, ஜி.சி.எம்.-க்கு 320 கிலோ கீழே. சிக்கல் ஜி.வி.எம்.-இல். வசதி கூடிய மாடல்களின் கெர்ப் எடை 2,600-ஐ ஒட்டி வருகிறது. 3,280-இலிருந்து கழித்தால் 680. குண்டு எடைக்கு 350 போனால் 330. நால்வர் குடும்பம் 220 என்றால் 110. புல்பார் 60. மிச்சம் 50 கிலோ. ரூஃப் ரேக் ஒன்றும் ஃபிரிட்ஜ் ஒன்றும் வைத்ததும் அது முடிந்துவிடும்.

இதனால்தான் யாரோ ஒருவர் தன் வண்டிக்குச் சொன்ன அறிவுரை உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. அவருக்கு ஜி.சி.எம். இடித்திருக்கும். உங்களுக்கு ஜி.வி.எம். இடிக்கும்.

கேரவனுக்குள் எவ்வளவு ஏற்றலாம்

ஏ.டி.எம்.-இலிருந்து டேரை, அதாவது காலிக் கேரவனின் எடையை, கழித்தால் வருவது ஏற்றக்கூடிய எடை. டேர் 2,650, ஏ.டி.எம். 3,100 என்றால் 450 கிலோ. நிறைய இருப்பது போலத் தோன்றும். 95 லிட்டர் தண்ணீர் டேங்க் இரண்டு நிரப்பினால் 190 போயிற்று. 9 கிலோ கேஸ் இரண்டு நிரப்பினால் 18. தண்ணீரும் கேஸும் பொதுவாக டேரில் சேராது. மிச்சம் 242-இல்தான் படுக்கை, துணி, பாத்திரம், மளிகை, மடக்கு நாற்காலி, ஹோஸ், சக்கரக் கட்டை, கேரவனோடு சேர்த்துக் கட்டும் அனெக்ஸ் கூடாரத் துணி எல்லாம்.

நம் வீட்டு வழக்கத்துக்கு இங்கே ஒரு வார்த்தை. 20 கிலோ அரிசி மூட்டை, மேஜை கிரைண்டர், இரண்டு குக்கர், ஒரு பெட்டி மசாலா என்று சமையலறை மட்டும் 50 கிலோவைத் தாண்டிவிடும். கிரைண்டர் 10 கிலோவுக்கு மேல். மாவை அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள், கிரைண்டரை வீட்டில் விடுங்கள். அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே உள்ள நள்ளர்பார் சமவெளியைக் கடப்பவர்கள் காய்கறி பழத்தை முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதிலும் பயனில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லையிலும், மறுதிசையில் செடூனாவிலும் தாவரத் தடைச் சோதனை உண்டு. பலவற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போக வேண்டிவரும்.

தகட்டில் உள்ள டேரையும் அப்படியே நம்பாதீர்கள். ஏசி, இரண்டாவது பேட்டரி, கூடுதல் சோலார் பலகை, சைக்கிள் ரேக் போன்றவை தகடு அடித்த பிறகு டீலரிடம் பொருத்தப்பட்டிருக்கலாம். தகடு பழைய எடையையே சொல்லிக்கொண்டிருக்கும். புதுக் கேரவனைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன், காலியான நிலையில் எடைமேடையில் ஏற்றிய சீட்டைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அந்த எண் இருக்கட்டும். தரவில்லை என்றால் நீங்களே ஏற்றிப் பாருங்கள்.

எடைமேடையில் என்ன செய்வது

கல் குவாரி, தானியக் கிடங்கு, குப்பை மாற்று நிலையம், லாரி நிறுத்தம் ஆகிய இடங்களில் பொது எடைமேடை இருக்கும். இல்லாவிட்டால் வீட்டு வாசலுக்கே தட்டு வடிவ எடைக்கருவிகளோடு வரும் சேவைகள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் தெரியும் என்பது பெரிய நன்மை.

பயணத்துக்குக் கிளம்பும் அதே கோலத்தில் போங்கள். டேங்க் நிறைய எரிபொருள், தண்ணீர், கேஸ், சாமான், குடும்பம் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். பாதி எடுத்துச் சென்று பாதியை மனக்கணக்கில் கூட்டுவதற்கு எடைமேடை தேவையில்லை. எடை போடும்போது பிரேக் பிடித்திருக்கக் கூடாது. பிடித்திருந்தால் அச்சுகளுக்கு இடையே இழுபறி நடந்து தனி அச்சு எடை தவறும். மேடைக்கு முன்னும் பின்னும் தரை அதே மட்டத்தில் இருக்க வேண்டும். சரிவில் பாதி வண்டி நின்றால் தனித்தனி எண்களுக்கு மதிப்பில்லை.

1. மாட்டிய நிலையில் முன் அச்சு மட்டும் மேடையில். முன் அச்சு எடை.
2. இன்னும் முன்னே போய், வண்டியின் இரண்டு அச்சும் மேடையில், கேரவன் சக்கரம் வெளியே. இதை ஜி.வி.எம்.-உடன் ஒப்பிடுங்கள். இதிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் பின் அச்சு.
3. எல்லாம் மேடையில். ஜி.சி.எம்.-உடன் ஒப்பிட.
4. வண்டி வெளியே, கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடையில், இன்னும் கழற்றவில்லை. ஜி.டி.எம்.-உடன் ஒப்பிட.
5. கேரவனைக் கழற்றி, முன் கால் சக்கரத்தில் நிறுத்தி, அது மட்டும் மேடையில். ஏ.டி.எம்.-உடன் ஒப்பிட.

ஐந்தாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் குண்டு எடை என்று எங்கும் எழுதியிருக்கும். கோட்பாட்டில் சரி. ஆனால் லாரிகளுக்கான மேடை பெரும்பாலும் 20 கிலோ படியில்தான் எண் காட்டும். இரண்டு எண்களைக் கழிக்கும்போது 20 கிலோ வரை பிசகலாம். 3,000 கிலோவில் 20 ஒன்றுமில்லை. 300-இல் 20 கவனிக்க வேண்டியது. குண்டு எடையை மட்டும் தனியே அளந்துகொள்ளுங்கள். அதற்கென்றே குழாய் வடிவத் தராசு விற்கிறார்கள்.

அது இல்லாவிட்டால் குளியலறைத் தராசு போதும். 150 கிலோ வரை காட்டும் தராசு ஒன்று, கனமான மரப்பலகை ஒன்று. கேரவன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பலகையின் ஒரு முனையை ஒரு மரக்கட்டையின் மேலும், அங்கிருந்து சரியாக 900 மி.மீ. தள்ளி மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள். தாங்கும் இரண்டு இடத்திலும் பலகைக்கு அடியில் மெல்லிய குழாய்த் துண்டு இருந்தால் தூரம் துல்லியமாக இருக்கும். பலகை வைத்த நிலையில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பலகையின் மேல், அதைத் தாங்கும் மரக்கட்டையிலிருந்து 300 மி.மீ. தூரத்தில் கப்ளிங் இறங்குமாறு ஒரு மரத்துண்டை நிறுத்தி, முன் கால் சக்கரத்தை மெல்லத் தூக்கி எடையை அதன் மேல் இறக்குங்கள். தராசு காட்டும் எண்ணில் முதலில் குறித்ததைக் கழித்து மூன்றால் பெருக்கினால் குண்டு எடை. 350 கிலோ என்றால் தராசில் 117 தெரியும். கப்ளிங், வண்டியில் மாட்டியிருக்கும் அதே உயரத்தில் இருப்பது முக்கியம். உயரம் மாறினால் இரட்டை அச்சு கேரவனில் எண் கணிசமாக மாறும். முன் கால் சக்கரத்தை முழுதும் மேலே இழுத்துவிடாமல் தரையிலிருந்து விரல் அளவு மட்டும் தூக்குங்கள். பலகை சறுக்கினால் பிடிக்க ஏதாவது வேண்டும். அந்த நேரத்தில் காலைக் கப்ளிங்குக்கு அடியில் நீட்டாதீர்கள்.

எதை எங்கே வைப்பது

ஆஸ்திரேலியக் கேரவன்களில் குண்டு எடை, கேரவனின் நிஜ எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் நன்றாக ஓடும். மிகக் குறைந்தால் கேரவன் வாலாட்டத் தொடங்கும். கூடினால் மேலே பார்த்த பின் அச்சு வில்லங்கம். ஐரோப்பியக் கேரவன்கள் குறைந்த குண்டு எடைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்களை இங்குள்ள கனமான கேரவனுக்குக் கடன் வாங்காதீர்கள்.

ஒரு பொருளை நகர்த்தினால் குண்டு எடை எவ்வளவு மாறும் என்பதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். பொருளின் எடையை, கேரவன் அச்சுகளின் நடுப்புள்ளியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, கப்ளிங்கிலிருந்து அந்த நடுப்புள்ளிக்கு உள்ள தூரத்தால் வகுக்கவும். கப்ளிங் தூரம் 5 மீட்டர் என்போம். முன் பெட்டியில், அச்சுக்கு 4 மீட்டர் முன்னால் 60 கிலோ ஜெனரேட்டரும் கருவிகளும்: குண்டில் 48 கிலோ கூடும். பின் பம்பரில், 4 மீட்டர் பின்னால் ரேக்கோடு இரண்டு மின் சைக்கிள் 70 கிலோ: குண்டில் 56 கிலோ குறையும். ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். இரண்டு முனையிலும் கனம் தொங்கும் கேரவன், குண்டு எடை சரியாக இருந்தாலும், ஒருமுறை ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். தோளில் காவடி போல இரண்டு பக்கமும் குடம் தொங்கினால் திரும்பவும் நிற்கவும் எவ்வளவு சிரமமோ அதே கதைதான். கனமானவை தாழ்வாக, அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ. மேல் அலமாரியில் துணி, பிஸ்கட், காகிதத் தட்டு.

குண்டு எடையைக் குறைக்கக் கேரவனுக்குள் பின்னால் தள்ளும்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். ஏ.டி.எம். 3,100, ஜி.டி.எம். 2,850 உள்ள கேரவன் நிஜத்தில் 3,080 எடை, குண்டில் 180 மட்டும் என்றால் சக்கரங்களில் 2,900. மொத்தம் வரம்புக்குள், சக்கரங்கள் வரம்புக்கு வெளியே.

தண்ணீர் தனிப் பிரச்சினை, ஏனென்றால் அது பயணத்தின் நடுவே இடம் மாறுகிறது. அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் உள்ள டேங்கிலிருந்து 80 லிட்டர் குளித்துத் தீர்ந்தால் குண்டில் 19 கிலோ குறையும். அந்தக் கழிவுநீர் பின்னால் 2 மீட்டரில் உள்ள கழிவு டேங்கில் சேர்ந்தால் இன்னொரு 32 குறையும். கேரவனின் மொத்த எடை மாறவில்லை, குண்டு எடையில் 51 கிலோ காணவில்லை. காலையில் ஒழுங்காக வந்த கேரவன் மறுநாள் ஆடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கழிவு டேங்கை அதற்கான இடத்தில் காலிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். டேங்க்களில் ஒன்றைக் காலியாக விடுவதென்றால் பொதுவாகப் பின் டேங்க்கை விடுங்கள். பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் அலம்புவது தனி ஆட்டம்.

கூடுதல் எடையைக் குறைக்க மலிவான வழிகள் முதலில். தேவையில்லாததை இறக்குவது, முகாமில் தண்ணீர் கிடைக்கும் பயணத்தில் ஒரு டேங்க்கை மட்டும் நிரப்புவது. அடுத்தது பேட்டரி. 100 ஆம்பியர் மணி ஏ.ஜி.எம். (ஈய-அமில வகை) பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ, அதே அளவு லித்தியம் 12 கிலோவைச் சுற்றி. இரண்டு மாற்றினால் 35 கிலோ மிச்சம். கேரவனிலிருந்து வண்டிக்கு மாற்றுவது ஏ.டி.எம்.-க்கு உதவும், ஜி.சி.எம்.-க்கு ஒரு கிராமும் உதவாது. வண்டியின் கூரையில் ஏற்றுவதும் வழியில்லை. கூரைக்கு வரம்பு பெரும்பாலான வண்டிகளில் 100 கிலோவுக்குள், ரேக்கின் எடையையும் சேர்த்து.

தகட்டை மாற்றுவது

ஜி.வி.எம். உயர்த்துவது ஆஸ்திரேலியாவில் பெரிய தொழில். கனமான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றிப் புதுத் தகடு அடித்துத் தருவார்கள். முதல் பதிவுக்கு முன் செய்தால் மத்திய அரசின் ஒப்புதல் முறை, பதிவான பின் செய்தால் அந்தந்த மாநில விதி. மாநிலம் மாறும்போது சில விஷயங்கள் மாறும், பதிவு செய்யும் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: ஜி.வி.எம். உயர்ந்தாலும் இழுக்கும் வரம்பு உயராது, ஜி.சி.எம்.-உம் தானாக உயராது. நம் யூட்டின் ஜி.வி.எம்.-ஐ 3,500-ஆக உயர்த்தி, அதை முழுதும் பயன்படுத்தினால், குண்டு எடை போக வண்டி 3,150. ஜி.சி.எம். அதே 6,000 என்றால் கேரவனுக்கு மிஞ்சுவது 2,850. பணம் கொடுத்து இழுக்கும் திறனைக் குறைத்துக்கொண்ட கதை. ஜி.சி.எம்.-ஐயும் சேர்த்து உயர்த்தும் தொகுப்புதானா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேரவனின் ஏ.டி.எம்.-ஐயும் உயர்த்தலாம். அச்சு, சஸ்பென்ஷன், டயர், சக்கரம், பிரேக், கப்ளிங், சங்கிலி எல்லாவற்றின் வரம்பும் புது எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். சில கேரவன்களில் டயர் அல்லது கப்ளிங் மட்டுமே எண்ணைக் கீழே பிடித்து வைத்திருக்கும். அப்படியென்றால் மலிவாக முடியும். தயாரித்தவரிடம் முதலில் கேளுங்கள்.

எடை பகிரும் கொக்கி, அதாவது நீளமான இரும்புக் கம்பிகளை முறுக்கி மாட்டும் டபிள்யூ.டி.எச்., எந்த வரம்பையும் உயர்த்தாது. பின் அச்சில் குவிந்ததில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் கேரவன் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான், அதுவே பல வண்டிகளுக்குப் பெரிய உதவி. சில வண்டித் தயாரிப்பாளர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள்; காட்டுப்பாதைக் கப்ளிங்குகள் பலவற்றோடு சேராது. கையேட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள். இதை மாட்டியிருந்தால் அச்சு எடைகளை மாட்டிய நிலையிலும், குண்டு எடையை கம்பி தளர்ந்த நிலையிலும் அளக்க வேண்டும்.

டயர், பிரேக், சங்கிலி

டயரின் பக்கச் சுவரில் உள்ள சுமை எண்ணைப் படியுங்கள். 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, 115 என்றால் 1,215, 121 என்றால் 1,450. ஜி.டி.எம். 2,850 நான்கு டயரில் பிரிந்தால் தலைக்கு 713 தான். ஆனால் சமையலறையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் கூடும். மூக்கு தாழ்ந்து ஓடும் இரட்டை அச்சுக் கேரவனில் முன் அச்சு டயர்கள் தங்கள் பங்குக்கு மேல் சுமக்கும். குறைந்த காற்றோடு அதிகச் சுமை, கோடை வெயிலில் தார்ச் சாலை: டயர் வெடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஜி.டி.எம். 750 கிலோ வரை டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் வசதி, கேரவன் கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கும் பிரேக்அவே பெட்டி. அந்தப் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பேட்டரி செத்த பிரேக்அவே பெட்டி வெறும் அலங்காரம், கிளம்புமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஏ.டி.எம். 2,500 வரை ஒரு பாதுகாப்புச் சங்கிலி போதும். அதற்கு மேல் இரண்டு, கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக மாட்டியபடி. கப்ளிங் கழன்றால் அதன் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியின் மடியில் விழும்.

நியூ சவுத் வேல்ஸில் ஜி.சி.எம். 4.5 டன்னைத் தாண்டிய இணைப்புக்கு வேக உச்சம் 100 கி.மீ. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கேரவன் இழுக்கும்போது 100 தான். எடை மீறி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் முதலில் திறப்பது பாலிசியில் எடை வரம்பு பற்றிய விதியுள்ள பக்கத்தைத்தான்.

கேரவன் ஆடத் தொடங்கினால் காலைப் பிரேக்கில் அழுத்தாதீர்கள். வண்டி மெதுவாகும், கேரவன் பின்னாலிருந்து தள்ளும், ஆட்டம் கூடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பித் துரத்த வேண்டாம். பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைப்பொத்தானால் கேரவன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். கை அந்த இடத்துக்குத் தானாகப் போகும் வரை காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டம் அடங்கியதும் ஓரம் கட்டி, டயர் காற்றையும் கழிவு டேங்கையும் பின் பம்பரில் தொங்குவதையும் பாருங்கள்.

எடைமேடைச் சீட்டைத் தேதியோடு, அன்று டேங்க்கள் எந்த அளவில் இருந்தன, யார் யார் வண்டியில் இருந்தார்கள் என்ற குறிப்போடு டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். புதிதாக எதைப் பொருத்தினாலும் அதன் எடையை அதே தாளில் எழுதுங்கள். தாளில் ஐந்து வரி சேர்ந்துவிட்டால் மறுபடி எடைமேடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.